கொத்தனாரின் சொல்லும் வரைபடத்தின் சொல்லும்

(குறுவள மையக் கூட்டத்தில் கணித, அறிவியல் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



நம் மாணவர்களின் விவரப் படிவத்தில் பெற்றோர் தொழில் என்றொரு கட்டம் இருக்கிறது. பல பிள்ளைகளுக்கு அதில் 'கூலி' என்ற ஒரே சொல்தான் எழுதப்பட்டிருக்கும். விசாரித்துப் பார்த்தால் ஒருவர் கொத்தனார், ஒருவர் கம்பி கட்டுபவர், ஒருவர் சென்ட்ரிங் அடிப்பவர், ஒருவர் டைல்ஸ் பதிப்பவர், ஓர் அம்மா சித்தாள். தொழில் ஐந்து, படிவத்தில் சொல் ஒன்று. அந்த வீடுகளில் அன்றாடம் புழங்கும் கட்டுமானச் சொற்களை வகுப்பறைக்கு ஏன் கொண்டுவர வேண்டும், எப்படிக் கொண்டுவரலாம் என்பதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன்.

கட்டட வேலை நடக்கும் இடத்தில் இரண்டு மொழிகள் உண்டு. ஒன்று வேலை செய்பவர்களின் மொழி: வானம் தோண்டுதல், சாரம், ரசமட்டம், தூக்குக்குண்டு, மூலைமட்டம், மணியாசுக் கட்டை. இன்னொன்று வரைபடத்திலும் ஒப்பந்தத்திலும் இருக்கும் மொழி: பிளிந்த், லெவல், எம்-20, கவர், டீஷட்டரிங். சொந்த வீடு கட்டும் இடத்தில் முதல் மொழியே போதும். மேஸ்திரி வாயால் சொல்வார், வேலை நடக்கும். மருத்துவமனை, வணிக வளாகம், அலுவலகக் கட்டடம் போன்ற பெரிய வேலைகள் தாளில்தான் தொடங்குகின்றன. தாளைப் படிக்கத் தெரிந்தவர் மேற்பார்வையாளர் ஆகிறார். படிக்கத் தெரியாதவர், இருபது வருட அனுபவம் இருந்தாலும், அடுத்தவர் சொல்வதைச் செய்பவராகவே இருந்துவிடுகிறார். இந்த இரண்டு மொழிகளையும் சேர்த்துவைக்க நம்மால் முடியும். அதற்குத் தேவையான பாடங்கள் எல்லாம் ஏற்கெனவே நம் பாடநூலில் இருக்கின்றன.

முதலில் ஒரே சொல் இரண்டு பொருள் தரும் ஓர் எடுத்துக்காட்டு. நம் ஊரில் "பேஸ்மென்ட் போட்டாச்சு" என்றால், தரையிலிருந்து வீட்டின் தளமட்டம் வரை சுவர் எழுப்பி மண் நிரப்பியாயிற்று என்று பொருள். வரைபடத்தில் அதற்குப் பெயர் பிளிந்த். வணிகக் கட்டட வரைபடத்தில் பேஸ்மென்ட் என்றிருந்தால், அது நிலத்துக்குக் கீழே இருக்கும் தளம். பெரும்பாலும் வண்டி நிறுத்துமிடம். நம் மாணவன் அப்பாவிடம் கேட்ட சொல்லை நம்பித் தாளைப் பார்த்தால் தலைகீழாகப் புரிந்துகொள்வான்.

அடுத்து மட்டம். வரைபடத்தில் தரைத்தளத்தின் மட்டத்தை ±0.00 என்று வைத்துக்கொண்டு, கீழே உள்ளதைக் குறை எண்ணாகவும் மேலே உள்ளதை மிகை எண்ணாகவும் மீட்டரில் எழுதுவார்கள். நிலத்தடித் தளம் −3.60, முதல் தளம் +4.20 என்றால் இரண்டுக்கும் இடையே எவ்வளவு உயரம்? 4.20 − (−3.60) = 7.80 மீட்டர். குறை எண்ணைக் கழித்தால் ஏன் கூட்ட வேண்டியிருக்கிறது என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடைக்காது. எண்கோட்டை நிமிர்த்தி வைத்தால் அதுதான் அந்தக் கட்டடம்.

இனி கம்பி. ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல் என்பது தொழிலாளர் கணக்கு. நாலு நூல் கம்பி என்றால் அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. இன்று அந்தப் பெயரில் கடையில் கிடைப்பது 12 மி.மீ. கம்பி. வித்தியாசம் முக்கால் மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனால் எடையைக் கணக்கிட்டுப் பாருங்கள். விட்டத்தை மி.மீ.யில் எடுத்து, வர்க்கப்படுத்தி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வரும். 12 மி.மீ. கம்பிக்கு 144 ÷ 162 = 0.889 கிலோ. 12.7 மி.மீ. என்றால் 0.996 கிலோ. விட்டம் ஐந்தரை சதவீதம் குறைந்தால் எடை பத்து சதவீதத்துக்கு மேல் குறைகிறது. ஏன்? வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அந்த 162 எங்கிருந்து வந்தது என்பதையும் மாணவர்களே கண்டுபிடிக்கலாம். எஃகின் அடர்த்தி கன மீட்டருக்கு 7,850 கிலோ என்று மட்டும் சொல்லிவிட்டு, உருளையின் கன அளவுச் சூத்திரத்தைக் கையில் கொடுங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒரு பாடவேளைக்குள் வந்து சேர்ந்துவிடும்.

அறிவியல் ஆசிரியர்களுக்கு எம்-20 என்ற சொல். 'எம்' கலவையைக் குறிக்கிறது. 20 என்பது வலிமை. 15 செ.மீ. பக்கமுள்ள கான்கிரீட் கனசதுரத்தை 28 நாள் கழித்து அழுத்திச் சோதிக்கும்போது, ஒரு சதுர மி.மீ.க்கு 20 நியூட்டன் தாங்க வேண்டும். முகப்பின் பரப்பு 22,500 சதுர மி.மீ. அப்படியானால் மொத்த விசை 4,50,000 நியூட்டன். ஏறக்குறைய 46 டன் எடைக்குச் சமம். கையில் தூக்கக்கூடிய ஒரு கல் இவ்வளவு தாங்கும் என்று சொன்னால் பிள்ளைகளின் கண் விரிவதைப் பார்க்கலாம். அழுத்தம் என்பது விசை வகுத்தல் பரப்பு என்ற சூத்திரம் அதன்பின் மறக்காது.

கியூரிங் என்ற சொல்லும் அப்படித்தான். கான்கிரீட் காய்ந்து இறுகுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் சிமென்ட் தண்ணீரோடு வேதிவினை புரிந்துதான் இறுகுகிறது. அதற்கு நீரேற்றம் என்று பெயர். காய விட்டால் வினை பாதியில் நின்றுவிடும். தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது அதற்காகத்தான். அந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் நம் மாணவரின் அம்மாதான். அது ஒரு வேதிவினையைக் காக்கும் வேலை என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிய வேண்டாமா?

கலவை எவ்வளவு இளக்கமாக இருக்கிறது என்று பார்க்க ஸ்லம்ப் சோதனை செய்வார்கள். அதற்கான இரும்புக் குவளையின் உயரம் 30 செ.மீ., அடி விட்டம் 20, மேல் விட்டம் 10. பத்தாம் வகுப்பில் நாம் நடத்தும் கூம்பின் இடைக்கண்டம் இதுதான். கன அளவு ஏறக்குறைய ஐந்தரை லிட்டர் வரும். வாளி, தொப்பி என்று கணக்குப் போடும் இடத்தில் இதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

இதுவரை சொன்னவை பாடத்துக்கு உதவும் சொற்கள். உயிரைக் காக்கும் ஒரு சொல்லும் இருக்கிறது: டீஷட்டரிங். தளத்துக்கு அடியில் கொடுத்த பலகையையும் முட்டையும் பிரித்தெடுப்பது. கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456, சாதாரண சிமென்டுக்கு இதற்கு நாள் கணக்கு சொல்கிறது. 4.5 மீட்டர் வரை அகலம் தாண்டும் தளத்துக்கு முட்டு 7 நாளாவது நிற்க வேண்டும். அதற்கு மேல் என்றால் 14 நாள். 6 மீட்டர் வரையுள்ள உத்தரத்துக்கு 14 நாள். அதைத் தாண்டினால் 21 நாள். வணிகக் கட்டடங்களில் தூண்களுக்கு இடையே தூரம் அதிகம். வீட்டு வேலையில் பழகிய கணக்கை அங்கே கொண்டுபோய் முட்டைப் பிரித்தால் தளம் கீழே நிற்பவர் தலையில்தான் விழும். நம்மிடம் படித்து, பத்தாம் வகுப்போடு நின்று, அடுத்த மாதமே வேலைக்குப் போகும் பையன்தான் பெரும்பாலும் அந்தக் கீழே நிற்பவன். "எத்தனை மீட்டர், எத்தனை நாள் ஆச்சு?" என்று ஒரு கேள்வி கேட்க அவனுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

இவற்றை எப்படிச் செய்வது? புதிய பாடவேளை தேவையில்லை. மூன்று சிறு யோசனைகள் சொல்கிறேன்.

ஒன்று, இரண்டு பத்திச் சொல்லேடு. இடப்பக்கம் வீட்டில் கேட்ட சொல்லைப் பிள்ளைகள் எழுதி வரட்டும். வலப்பக்கம் வரைபடச் சொல்லை நாம் சேர்ந்து கண்டுபிடிப்போம். ஆங்கில ஆசிரியரும் இதில் கைகொடுக்கலாம்.

இரண்டு, பெற்றோர் ஒருவரை வகுப்புக்கு அழைப்போம். எட்டாம் வகுப்பில் பிதாகரஸ் தேற்றம் நடத்தும் நாளில் ஒரு கொத்தனார் வந்து, நூலில் 3 அடி, 4 அடி, 5 அடி அளந்து மைதானத்தில் மூலை பிடித்துக் காட்டட்டும். தேற்றத்தின் பெயர் அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். அதன் பயன் நம்மைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். பிள்ளைகளை வேலை நடக்கும் கட்டடத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டாம். வேலை தெரிந்தவரைப் பள்ளிக்கு அழைப்பதே பாதுகாப்பு.

மூன்று, வழிகாட்டுதல். ஐ.டி.ஐ.யில் சிவில் படவரைவாளர் பிரிவு இருக்கிறது. பாலிடெக்னிக்கில் சிவில் பட்டயப் படிப்பு இருக்கிறது. கட்டட வேலை வேண்டாம் என்று பிள்ளைகளை விரட்டுவதைவிட, அதே துறையில் தாளைப் படிக்கும் இடத்துக்குப் போகும் வழியைக் காட்டுவோம். 1994-இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்த தொழிலாளரின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகையும் உண்டு. பெற்றோர் பதிவு செய்திருக்கிறார்களா, பதிவைப் புதுப்பித்திருக்கிறார்களா என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேட்டுவிடுங்கள்.

அடுத்த குறுவள மையக் கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் உங்கள் மாணவர்கள் வீட்டிலிருந்து பத்துச் சொற்கள் சேகரித்து வாருங்கள். எந்தச் சொல் எந்த வகுப்பின் எந்தப் பாடத்துக்குப் பொருந்தும் என்று உட்கார்ந்து பிரிப்போம்.