பசறையில் பொழுது சாயும் நேரம்

தொல்காப்பியர் நிலத்தோடு பொழுதையும் சேர்த்தே சொன்னார். சூரியன் படும் வேளையாகிய எற்பாட்டை நெய்தலுக்குக் கொடுத்தார். மலை நிலமான குறிஞ்சிக்கு நள்ளிரவாகிய யாமத்தைக் கொடுத்தார். மலையில் இருப்பவனுக்கு அந்தி கிடையாதா என்று, பசறையில் வளர்ந்த எனக்குப் படிக்கும் காலத்தில் சிறு மனத்தாங்கல் உண்டு.

பசறைக்கு மேற்கே நமுனுகுல மலை, 2000 மீற்றருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. வானத்தில் வெளிச்சம் நிறைய இருக்கும்போதே சூரியன் அதற்குப் பின்னால் போய்விடும். பிறகு மலை நிழல் சரிவில் இறங்கி, பள்ளத்தைத் தாண்டி, எதிர்மலையில் ஏறும். அந்த உச்சியில் கடைசி மஞ்சள் வெயில் அணைவதுதான் எங்கள் அஸ்தமனம். அதைக் கிழக்கே பார்த்துத்தான் நாங்கள் அறிகிறோம்.

கொழும்பு காலிமுகத்திடலில் சூரியன் கடலில் இறங்குவதைப் பார்ப்பதற்கென்றே மக்கள் வந்து உட்காருகிறார்கள். மட்டக்களப்பிலோ கடல் கிழக்கே இருக்கிறது. சூரியன் சாய்வது வாவிப் பக்கம். இரண்டு ஊரிலும் பார்ப்பதற்கு ஒரு நேரம் வாய்க்கிறது.

தோட்டத்தில் அது கொழுந்து நிறுக்கும் நேரம். கூடையை இறக்கிய பெண்ணின் கண் தராசில் இருக்கும். நிறுவை முடிந்தால் விறகு, பீலித் தண்ணீர், அடுப்பு, பிள்ளைகள். முதுகோடு முதுகாக ஒட்டிக் கட்டிய பழைய லயங்களிலே, மேற்குப் பார்த்த காம்பராவின் இஸ்தோப்புக்கு அந்தி வெளிச்சம் வரும். சுவருக்கு அப்பால் இருக்கும் குடும்பத்துக்கு அதற்குள் இருட்டிவிடும். ஒரே கூரைதான், அந்தி இரண்டு.

1996இல் நாட்டின் கடிகாரத்தை முன்னே தள்ளினார்கள். 2006 ஏப்ரலில் பழைய நேரத்துக்கே திருப்பினார்கள். நிழல் எப்போதும்போல் தன் வேளைக்கே இறங்கியது.

ஆகவே, எங்கள் இளம் எழுத்தாளர்களின் கதைகளில் கதிரவன் கடலில் மூழ்கும்போது எனக்கு ஏமாற்றமாக இருக்கிறது. அது வேறு ஊர் அந்தி. எதிர்மலையில் வெயில் ஏறி அணைவதையும், அதைப் பாராமல் தராசடியில் நிற்கும் தாயையும் யார் எழுதுவது? அவளே எழுதலாம். ஆனால் அதற்கு முதலில் அவளுக்கு ஒரு மாலைப்பொழுது சொந்தமாக வேண்டும். மலையக இலக்கியம் பற்றிப் பேசுகிற நாம், அவளுடைய வேலை நேரத்தைப் பற்றியும் பேசத்தான் வேண்டும்.