ஆவியில் இருக்கிறது சூடு



தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பு கொளுத்தாதவர்கள் இருக்க மாட்டார்கள். பொறி தெறித்துப் புறங்கையில் விழுந்தால் சுரீரென்று ஒரு கணம் சுடும், அவ்வளவுதான். அந்தப் பொறியின் வெப்பநிலையோ 1,000 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். அதே கையில் கொதிக்கும் வெந்நீர் ஒரு தம்ளர் கொட்டினால் தோல் கொப்பளித்துவிடும். அது வெறும் 100 டிகிரிதான். காரணம், பொறி என்பது தூசி போன்ற உலோகத் துணுக்கு. எவ்வளவு காய்ந்திருந்தாலும், கையில் இறக்குவதற்கு அதனிடம் சரக்கு இல்லை. எரிந்து முடிந்த கம்பி அப்படியல்ல. அதை வெறுங்காலால் மிதித்தவர்களைக் கேட்டால் தெரியும்.

மூலக்கூறுகள் எவ்வளவு துடிப்பாக அசைகின்றன என்பதைச் சொல்வது வெப்பநிலை. சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்குப் போகிற ஆற்றல் வெப்பம். தெர்மாமீட்டர் காட்டுவது முதலாவதை மட்டும்தான். ஆற்றல் போகும் வழிகள் கடத்தல், சலனம், கதிர்வீச்சு என்று மூன்று; பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். பாடப்புத்தகம் ஒரு பத்தியோடு கடந்துவிடுகிற இன்னொன்றைப் பற்றியே இன்று பேச வந்தேன். அது ஆவி.

இட்லிப் பானையில் 1 லிட்டர் தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஏற்றுகிறோம். 30 டிகிரியிலிருந்து அது கொதிநிலைக்கு வர ஏறக்குறைய 290 கிலோஜூல் வெப்பம் வேண்டும். கொதி வந்தபின் தீயை எவ்வளவு கூட்டினாலும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. அப்படியென்றால் எரிகிற கேஸெல்லாம் எங்கே போகிறது? தண்ணீரை ஆவியாக்கப் போகிறது. அந்த 1 லிட்டரும் முழுக்க ஆவியாக வேண்டுமானால் சுமார் 2,260 கிலோஜூல் பிடிக்கும். கொதிக்கவைக்க ஆனதைப் போல ஏழு மடங்குக்கும் மேல்! இவ்வளவும் உள்ளே போயும் தெர்மாமீட்டர் அசையாது.

இந்த உள்ளுறை வெப்பத்தை 1760-களில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தவர் ஜோசப் பிளாக். அங்கேயே கருவிகள் பழுதுபார்த்துக்கொண்டிருந்த ஜேம்ஸ் வாட், நீராவியைக் குளிர்ந்த நீருக்குள் செலுத்திப் பார்த்தார். ஆவி தன்னைப் போல ஆறு மடங்கு எடையுள்ள நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிட்டது. புரியாமல் பிளாக்கிடம் போய்க் கேட்டபோதுதான் வாட்டுக்கு விஷயம் விளங்கியது.

நம் இட்லி வேகிறதும் இந்தக் கணக்கில்தான். ஆவி குளிர்ந்த மாவின்மேல் பட்டதும் நீராக மாறுகிறது. மாறும்போது சுமந்து வந்த வெப்பத்தை அங்கேயே இறக்கிவிடுகிறது. குளிர்ச்சி எங்கே அதிகமோ அங்கே ஆவி அதிகமாகப் படியும். அதனால்தான் இட்லி ஓர் இடத்தில் தீய்ந்து ஓர் இடத்தில் வேகாமல் நிற்பதில்லை. தண்ணீர் நன்றாகக் கொதித்தபின் தட்டுகளை வையுங்கள். ஆவி விடாமல் வரும் அளவுக்குத் தீ இருந்தால் போதும். அதற்குமேல் எரிப்பது சமையலறையைப் புழுக்குவதற்குத்தான். குக்கரில் வெயிட் போட்டால் அழுத்தம் கூடி, கொதிநிலையே 120 டிகிரி வரைக்கும் ஏறும். துவரம்பருப்பு அதில் சீக்கிரம் குழைவது அதனால்தான்.

இதே கணக்கு நம் உடம்பில் தலைகீழாக நடக்கிறது. வியர்வை ஆவியாகும்போது உடம்பிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. சென்னையின் கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை காயாமல் வழிகிறது. வேலூரில் வெப்பநிலை கூடுதலாக இருக்கும் நாளிலும் சென்னைக்காரர்தான் அதிகம் புலம்புவார். அந்தப் புலம்பலில் நியாயம் இருக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 1 கிராம் கொதிநீர் தோலில் பட்டு உடல் சூட்டுக்கு ஆறும்போது தருகிற வெப்பத்தைப் போல, 1 கிராம் நீராவி ஒன்பது மடங்குக்கும் மேல் தரும். ஆகவே, இட்லிப் பானையின் மூடியைத் திறக்கும்போது உங்களுக்கு எதிர்ப்பக்க விளிம்பை முதலில் தூக்குங்கள். ஆவி அந்தப் பக்கமாகப் போகட்டும். மீறிச் சுட்டுவிட்டால் பற்பசை வேண்டாம், இங்க் வேண்டாம், ஐஸ் கட்டியும் வேண்டாம். குழாயைத் திறந்து, ஓடுகிற தண்ணீரில் 20 நிமிடம் கையைக் காட்டுங்கள். தோலுக்குள் இறங்கிய வெப்பத்தை அந்தத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போகும். கொப்புளம் பெரிதாக இருந்தால் உடைக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.