ஆங்கிலத்துக்குக் கீழே தமிழில் எழுதிப் படிக்கலாமா?

(நம் குடியிருப்போர் நலச்சங்கக் கூட்டத்தில், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்காகப் பேசியதன் எழுத்து வடிவம்.)



ஆங்கிலத் தேர்வுக்கு வீட்டிலேயே பயிற்சி செய்வது எப்படி என்று பேசச் சொன்னார்கள். நான் ஆங்கில வாத்தியார் இல்லை. பி.காம். படித்து, பரீட்சை எழுதி, வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்த அளவில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், நீங்கள் எழுதப்போகும் தேர்வு எது என்று பாருங்கள். ரயில்வேயின் என்.டி.பி.சி. தேர்வில் ஆங்கிலம் என்று தனிப் பகுதியே கிடையாது, தமிழிலேயே எழுதலாம். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் முன்பு பொதுத்தமிழ், பொது ஆங்கிலம் இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. இப்போது எல்லோருக்கும் தமிழ்தான். இந்த இரண்டுக்கு மட்டும் படிக்கிறவர்கள் ஆங்கில இலக்கணப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கணக்குப் போடப் போகலாம். எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

வங்கி எழுத்தர் தேர்வு அப்படி இல்லை. ஐ.பி.பி.எஸ். நடத்தும் முதல்நிலைத் தேர்வில் 100 கேள்விகள், 60 நிமிடம். ஆங்கிலம் 30, கணக்கு 35, ரீசனிங் 35. ஒவ்வொரு பகுதிக்கும் 20 நிமிடம்தான். நேரம் முடிந்தால் கணினி அந்தப் பகுதியை மூடிவிடும். தப்பான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். 2021 இல் மத்திய நிதி அமைச்சகம் இந்தத் தேர்வைத் தமிழ் உட்பட 13 மாநில மொழிகளிலும் நடத்தலாம் என்று சொன்னபோது, ஆங்கிலத் தொல்லை தீர்ந்தது என்று பல வீடுகளில் சந்தோஷப்பட்டார்கள். தீரவில்லை. கணக்கையும் ரீசனிங்கையும் தமிழில் படிக்கலாம், அவ்வளவுதான். ஆங்கிலப் பகுதி அப்படியே இருக்கிறது, அதற்குத் தனிக் கட்-ஆஃபும் இருக்கிறது. கணக்கில் 35-க்கு 35 வாங்கினாலும் ஆங்கிலத்தில் கட்-ஆஃப் தாண்டாத பிள்ளைக்கு அடுத்த கட்டம் இல்லை. நம் பக்கத்துப் பிள்ளைகள் கணக்கில் கெட்டிக்காரர்கள். அவர்கள் தடுக்கி விழுவது இந்த 20 நிமிடத்தில்தான்.

நர்சிங் முடித்து வெளிநாடு போக நினைக்கும் பெண்களுக்கு விஷயம் இன்னும் பெரியது. பிரிட்டனில் செவிலியராகப் பதிவு பெற ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் வாசித்தல், கேட்டல், பேசுதல் மூன்றிலும் 7, எழுதுதலில் 6.5 வேண்டும். அல்லது மருத்துவத் துறையினருக்கென்றே உள்ள ஓ.இ.டி. எழுதலாம். அதில் நோயாளியோடு பேசுவதுபோல இரண்டு உரையாடல் நடித்துக்காட்ட வேண்டும். இன்னொரு மருத்துவமனைக்கோ மருத்துவருக்கோ அனுப்புவதுபோல ஒரு கடிதம் எழுத வேண்டும். ஐ.இ.எல்.டி.எஸ். கட்டணம் 15,000 ரூபாய்க்கு மேல், மதிப்பெண் செல்லுபடியாவது இரண்டு வருடம். அப்பாவின் நகைக்கடனில் கட்டும் பணம் அது. எனவே எதற்குக் கட்டுகிறோம் என்று தெரிந்து கட்டுங்கள்.

இனி உச்சரிப்புக்கு வருகிறேன். நம் பிள்ளைகளிடம் ஒரு பழக்கம் உண்டு. ஆங்கில வரிக்குக் கீழே பென்சிலால் தமிழில் எழுதிக்கொண்டு படிப்பது. பள்ளிக்கூடத்திலிருந்து வரும் பழக்கம் இது. மனப்பாடம் செய்ய வசதியாக இருக்கும், ஆனால் காதைக் கெடுத்துவிடும். ஏன் என்று கேட்டால், 'கோட்' என்று தமிழில் எழுதுகிறேன். இது என்ன சொல்? வக்கீல் மேலே போட்டுக்கொள்ளும் கோட்டா? வெள்ளாடா? ரகசியக் குறியீடா? ஆங்கிலத்தில் மூன்றும் வேறு வேறு ஒலி. தமிழ் எழுத்தில் மூன்றும் ஒன்றே. 'பிரைஸ்' என்றால் பொருளின் விலையா, ஜெயித்தவருக்குக் கொடுக்கும் பரிசா? 'ஐஸ்' என்றால் பனிக்கட்டியா, கண்களா? நம் செய்தி மடலில் நான் இதைத் தமிழில் எழுதும்போது எனக்கே இந்தச் சங்கடம் இருக்கிறது பாருங்கள்.

இது தமிழின் குறை இல்லை. நம் எழுத்து நம் வாய்க்காக அமைந்தது. 'பம்பரம்' என்று சொல்லிப் பாருங்கள். முதலில் வரும் ப ஒன்று, நடுவில் வரும் ப வேறொன்று. எழுத்து மாறவில்லை, இடத்தைப் பார்த்து வாய் தானாக மாற்றிக்கொள்கிறது. சொல்லின் முதலில் வந்தால் வல்லோசை, மெல்லினத்துக்குப் பின் வந்தால் மெல்லோசை. இது பிறந்ததிலிருந்து நமக்குப் பழக்கம் என்பதால் நாம் கவனிப்பதே இல்லை. ஆங்கிலத்தில் இடம் தீர்மானிப்பதில்லை. சொல்லின் முதலிலும் கடைசியிலும் இரண்டு ஓசையும் வரலாம், ஓசை மாறினால் பொருளும் மாறும்.

இதற்குப் பயிற்சி சுலபம். தொண்டையில் இரண்டு விரலை வையுங்கள். வெள்ளாட்டுக்கான சொல்லைச் சொல்லும்போது முதல் ஒலியிலேயே தொண்டை அதிர வேண்டும். சட்டைமேல் போடும் கோட்டுக்கு அந்த இடத்தில் அதிரக் கூடாது. பரிசுக்கான சொல்லின் கடைசியில் தேனீ ரீங்காரம் போல ஓர் அதிர்வு இருக்கும். விலைக்கான சொல்லில் வெறும் காற்றுதான். கடைசி ஒலி அதிர்ந்தால் அதற்கு முன்னால் உள்ள உயிரோசை கொஞ்சம் நீளும். அந்த நீளத்தை வைத்துத்தான் வெள்ளைக்காரர் காது பாதி வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிறது. அதேபோல 'வெஸ்ட்'. மேற்குத் திசைக்கு உதட்டைக் குவிக்க வேண்டும், உள்ளே போடும் பனியனுக்கு மேல்பல் கீழ் உதட்டைத் தொட வேண்டும். கண்ணாடி முன்னால் நின்று பாருங்கள், தெரியும். வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை.

ஸ்கூல் என்பதற்கு 'இஸ்கூல்', ஸ்டேஷனுக்கு 'இஸ்டேஷன்' என்று சொல்பவர்களைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். எந்த எழுத்து சொல்லுக்கு முதலில் வரலாம் என்று தொல்காப்பியமே விதி வைத்திருக்கிறது. ர-வில் தமிழ்ச் சொல் தொடங்காது என்பதால்தானே இராமநாதபுரம், இராமேசுவரம் என்று முன்னால் ஓர் இகரம் சேர்த்து எழுதுகிறோம்? மெய்யோடு தொடங்கினாலும் அதே கைதான் நீளுகிறது. பஸ் 'பஸ்ஸு' ஆவதும், கார்ட் 'கார்டு' ஆவதும் நம் குற்றியலுகரப் பழக்கம். காரணம் தெரிந்தால் திருத்துவது எளிது. 'ஸ்ஸ்ஸ்' என்று பாம்பு சீறுவதுபோல இழுத்துவிட்டு, மூச்சை விடாமல் 'கூல்' என்று சேருங்கள். பத்து நாளில் இகரம் ஓடிவிடும்.

அடுத்தது அழுத்தம். இதை நம் ஊரில் யாரும் சொல்லித் தருவதில்லை என்பது என் வருத்தம். தமிழில் ஒரு சொல்லின் எல்லா அசைக்கும் ஏறக்குறைய ஒரே எடை. ஆங்கிலத்தில் ஓர் அசையை அழுத்தி, மற்றதை விழுங்கிவிடுவார்கள். ஃபோட்டோகிராஃப் என்றால் முதல் அசையில் அழுத்தம். ஃபோட்டோகிராஃபி என்றால் அழுத்தம் இரண்டாவது அசைக்குப் போய்விடும். நாம் தினமும் சொல்லும் 'கமிட்டி'யில் நாம் 'க'வில் சாய்கிறோம். ஆங்கிலத்தில் 'மி'யில்தான் அழுத்தம். (அந்தச் சொல்லின் ஸ்பெல்லிங்கும் தேர்வுக்காரர்களுக்குப் பிரியமானது. எம் இரண்டு, டி இரண்டு, இ இரண்டு. நம் சங்க அறிவிப்புப் பலகையை ஒரு தடவை பார்த்துக்கொள்ளவும்.) அகராதியில் அழுத்தம் வரும் அசைக்கு முன்னால் மேலே ஒரு சிறு கோடு போட்டிருப்பார்கள். கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்போர்டு அகராதிகள் இணையத்தில் இலவசம். ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டால் சொல்லியும் காட்டும். பென்சிலால் தமிழில் எழுதுவதற்குப் பதில் அந்தக் கோட்டைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் சொன்னதால், வெள்ளைக்காரர்போலவே பேச வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். ஐ.இ.எல்.டி.எஸ். பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம். தடையில்லாமல் கோர்வையாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என்று நான்குக்கும் சமமான மதிப்பு. உச்சரிப்பில் அவர்கள் பார்ப்பது கேட்பவருக்குப் புரிகிறதா என்பதை. சாயல் எந்த ஊருடையதாகவும் இருக்கலாம். வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியாரை 'வெள்ளி நாக்குப் பேச்சாளர்' என்று ஆங்கிலேயரே கொண்டாடினார்கள். அது ஒரு வழி. இன்னொரு வழி நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இராமேசுவரத்தில் 1931 இல் பிறந்து, இராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளியில் படித்து, 1950 இல் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரிக்குப் போனார் அப்துல் கலாம். அங்கே ஆங்கிலம் கற்றுக்கொடுத்த பாதிரியார் செக்குவேராவையும், கடைசி வருடத்தில் டால்ஸ்டாய், ஸ்காட், ஹார்டி என்று தேடித் தேடிப் படித்ததையும் 'அக்னிச் சிறகுகள்' புத்தகத்தில் சொல்கிறார். அவர் எடுத்த பாடம் இயற்பியல் என்பதை மறந்துவிடாதீர்கள். 2007 இல் குடியரசுத் தலைவராக ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் அவர் பேசியபோதும் அந்த ஆங்கிலத்தில் நம் கடற்கரை ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. ஒரு சொல்கூடப் புரியாமல் போகவில்லை.

வங்கித் தேர்வில் உச்சரிப்பே கேட்பதில்லையே, அதற்கு இதெல்லாம் எதற்கு என்று பின்னாலிருந்து ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. 20 நிமிடத்தில் 30 கேள்வி என்றால் ஒன்றுக்கு 40 விநாடி. வாக்கியத்தில் பிழை எங்கே என்று விதியை நினைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்க நேரம் கிடையாது. காதில் இடறினால் அங்கேதான் பிழை. நாம் தமிழில் அப்படித்தானே செய்கிறோம்? 'அவள் வந்தான்' என்று மூன்று வயதுக் குழந்தைகூடச் சொல்லாது. எழுவாய்க்குத் தகுந்தபடி வினை மாற வேண்டும் என்பது நம் ரத்தத்திலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் நிகழ்காலத்தில் 'ஹி', 'ஷி' வந்தால் வினையின் கடைசியில் ஓர் எஸ் சேர்ப்பதோடு வேலை முடிந்தது. ஆனால் சத்தமாகப் படித்துப் படித்து அது காதில் ஏற வேண்டும். ஒரு கூடை மீன்கள் என்று வந்தால், வினை கூடைக்குப் போகுமா மீனுக்குப் போகுமா என்று திகைக்க வைப்பார்கள். வினை கூடைக்குத்தான்.

'எ', 'ஆன்' இரண்டில் எது என்று குழம்புகிறவர்கள், நம் 'ஒரு', 'ஓர்' இரண்டையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீடு, ஓர் ஊர். உயிருக்கு முன்னால் ஓர். ஆங்கிலத்திலும் அதே கணக்குதான், ஆனால் எழுத்தைப் பார்க்கக் கூடாது, ஒலியைக் கேட்க வேண்டும். மணி நேரத்துக்கான சொல் ஹெச் எழுத்தில் தொடங்கினாலும் ஒலி 'அ', எனவே 'ஆன்'. யுனிவர்சிட்டி யு எழுத்தில் தொடங்கினாலும் ஒலி 'ய', எனவே 'எ'. வாய்விட்டுப் படிப்பவர் இதில் தப்பு விடவே மாட்டார்.

தமிழ் நம்மைக் கவிழ்க்கும் இடமும் உண்டு. 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்பதை அப்படியே கொண்டுபோய் 'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குப் பின்னால் 'அபௌட்' போடுகிறோம். அது வேண்டாம். 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' என்று எஸ் இல்லாமல் விடுவதற்கோ தமிழைக் குறை சொல்ல முடியாது. நாம் 'என் நண்பர்களில் ஒருவர்' என்று பன்மையில்தானே சொல்கிறோம்!

சொல்வளத்துக்குப் பட்டியல் மனப்பாடம் வேண்டாம். ஒரு சொல்லைப் பார்த்தால் அதன் குடும்பத்தையும், அது வந்த வாக்கியத்தையும் சேர்த்து எழுதுங்கள். வங்கியிலேயே எத்தனை சொல் இருக்கிறது. கடனுக்கான 'டெட்' என்ற சொல்லில் பி எழுத்து ஊமை. ரசீதுக்கான சொல்லில் பி எழுத்து, அதாவது 'பள்ளி'யின் ப, ஊமை. லத்தீன் மூலத்தைக் காட்ட வேண்டும் என்று பண்டிதர்கள் பின்னால் சொருகிய எழுத்துகள் அவை. அடமானத்துக்கான 'மார்கேஜ்' பழைய பிரெஞ்சில் 'செத்த ஈடு' என்று பொருள்படும். அதில் டி ஊமை. 'கேஷ்' நம் காசிலிருந்து வந்தது என்று மேடைதோறும் சொல்கிறார்கள். பழைய சில்லறை நாணயத்துக்கு ஆங்கிலத்தில் இருந்த 'கேஷ்' காசுதான். வங்கி கவுண்ட்டரில் எண்ணுகிற 'கேஷ்' பணப்பெட்டியைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல்லிலிருந்து வந்தது. 'கட்டமரான்' மட்டும் சந்தேகமில்லாமல் நம் கட்டுமரம். இப்படிக் கதையோடு வரும் சொல் மறக்காது.

கூட்டம் முடிந்ததும் ஒரு தாயார் கேட்டார்: "பிள்ளை பன்னிரண்டாவது வரை தமிழ்வழி. இப்போது ஆரம்பித்தால் ஆகுமா சார்?" ஆகும் அம்மா. தினமும் ஆங்கிலச் செய்தித்தாளில் ஒரே ஒரு பத்தி. முதலில் மௌனமாக, பிறகு மூன்று தடவை சத்தமாக. மூன்றாவதைக் கைப்பேசியில் பதிவு செய்து கேட்கச் சொல்லுங்கள். தன் குரலைத் தானே கேட்பதைவிடக் கண்டிப்பான வாத்தியார் கிடையாது. அதில் தெரியாத ஐந்து சொல்லுக்கு அகராதி. பிறகு பத்தியை மூடிவைத்துவிட்டுத் தன் சொல்லில் நாலு வரி எழுதட்டும். இதற்கு முக்கால் மணி நேரம் போதும். மாதிரித் தேர்வை வாரம் ஒன்று, கடிகாரம் வைத்து. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் நடக்கும் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் பயிற்சி இலவசம். இராமநாதபுரத்துக்குப் போய் ஒரு நாள் விசாரித்துவிட்டு வாருங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து காலை ஏழு மணிக்கு நம் பொது அறையிலும் வாய்விட்டுப் படிக்கலாம் என்று செயலாளர் அனுமதி கொடுத்திருக்கிறார். செய்தித்தாள் நான் கொண்டுவருகிறேன்.