கல்வீட்டுக் குடும்பமும் பேகன் மனையும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

மனிதன் முதன்முதலில் எப்போது வீடு கட்டினான் என்பதை அகழாய்வாளர் ஒருவாறு கணித்துக் கூறுவர். அவ்வீட்டிற்குள் கணவனும் மனைவியும் முதன்முதலில் எப்போது சண்டையிட்டுக் கொண்டனர் என்பதை எந்த அகழாய்வும் கூறாது. மட்பாண்டம் மண்ணில் தங்கும், மணி தங்கும், இரும்பும் துருவேறியேனும் தங்கும். ஊடலும் அழுகையும் சிரிப்பும் தங்குவதில்லை. அவற்றைத் தங்கவைக்கும் பொறுப்பு கலைஞர்க்கும் கவிஞர்க்கும் உரியது. அப்பொறுப்பை அமெரிக்கக் கேலிச்சித்திரத் தொடர் ஒன்று எவ்வாறு ஏற்றது, பழனி மலைத் தலைவனைப் பாடிய சங்கப் புலவர்கள் எவ்வாறு ஏற்றனர் என்பதை ஒப்பிட்டு நோக்குவதே இவ்வுரையின் பொருள்.

இவ்விரண்டையும் ஒரு தட்டில் வைக்கலாமா என்ற ஐயம் அவையோர்க்கு எழலாம். ஒன்று சிரிப்புக்காக எழுந்தது. மற்றொன்று செவ்வியல் இலக்கியம். ஆயினும் இரண்டும் எடுத்துக்கொண்ட பொருள் ஒன்றே: பழங்காலத்தில் ஒரு வீடு, அவ்வீட்டில் ஒரு கணவன், ஒரு மனைவி, இருவருக்கும் இடையே ஒரு பிணக்கு.

அடிப்பாறை ஊரின் குடும்பம்

'தி பிளின்ட்ஸ்டோன்ஸ்' என்னும் அத்தொடரைப் படைத்தவர்கள் வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பெரா என்னும் இருவர். 1960 செப்டம்பர் 30 அன்று ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கி, 1966 ஏப்ரல் 1 வரை ஆறு பருவங்களில் 166 பகுதிகளாக அது ஒளிபரப்பாயிற்று. கேலிச்சித்திரம் சிறுவர்க்கே உரியது என்ற எண்ணம் நிலவிய காலத்தில், பெரியோரும் அமர்ந்து காணும் இரவு நேரத்தில் இடம்பெற்ற முதல் கேலிச்சித்திரத் தொடர் அதுவே. 1995ஆம் ஆண்டு கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியாவிற்கு வந்தபின் தமிழகத்து இல்லங்களிலும் அக்குடும்பம் அறிமுகமாயிற்று.

ஊரின் பெயர் பெட்ராக். அடிப்பாறை என்பது அதன் பொருள். தலைவன் பிரெட் கல்லுடைக்கும் குவாரியில் தொழிலாளி. மனைவி வில்மா. அடுத்த வீட்டில் நண்பன் பார்னியும் அவன் மனைவி பெட்டியும். கல்லால் ஆன சக்கரங்களுடைய மகிழுந்தை அவர்கள் தம் கால்களாலேயே உந்திச் செல்வர். இசைத்தட்டின்மேல் ஊசிக்குப் பதிலாகப் பறவையின் அலகு நிற்கும். புகைப்படக் கருவிக்குள் அமர்ந்திருக்கும் பறவையொன்று எதிரில் நிற்பவரைக் கற்பலகையில் கொத்தித் தரும்.

வரலாற்று நோக்கில் இத்தொடருக்கு மதிப்பேதும் இல்லை. டைனோசர்கள் அற்றுப்போய் ஏறத்தாழ 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகள் ஆயின. அவற்றோடு மனிதன் வாழ்ந்ததே இல்லை. பிரெட்டின் வீடு 1960ஆம் ஆண்டின் அமெரிக்கப் புறநகர் வீடு. சுவர் மட்டுமே கல். வில்மாவின் உழைப்பு அடுக்களைக்குள் அடங்கிவிடுகிறது. கணவனின் பொய்யைக் கண்டுபிடிப்பதும் பிறகு மன்னிப்பதுமே அவளுக்கு வகுக்கப்பட்ட கடமைகள். முதற்பகுதியிலேயே மனைவியர் இருவரும் இசைநாடகம் காண அழைக்க, பிரெட் நோயுற்றவன்போல் நடித்து வீட்டில் தங்கி, பார்னி செய்த பறக்கும் பொறியில் ஏறிப் பந்துருட்டும் ஆட்டத்திற்குச் சென்றுவிடுகிறான். பிடிபடுகிறான், சிரிப்பில் முடிகிறது.

எனினும் இத்தொடரை வெறும் கேலி என்று தள்ளிவிட இயலாத இடங்கள் உண்டு. வீட்டுப் பொறிகளாக உழைக்கும் விலங்குகள் சில வேளைகளில் பார்ப்பவர் பக்கம் திரும்பி, பிழைப்பென்றால் இப்படித்தான் என்ற பொருளில் அலுத்துக்கொள்ளும். பிறர் வசதிக்காக உழைப்போரின் குரல் அது. மற்றோர் இடம், 1963 அக்டோபரில் ஒளிபரப்பான பகுதி. அவ்வாண்டு பிப்ரவரியில் பிரெட்டுக்கும் வில்மாவுக்கும் பெபிள்ஸ் என்னும் மகள் பிறந்துவிட்டாள். அடுத்த வீட்டில் குழந்தை இல்லை. பார்னியும் பெட்டியும் வீழும் விண்மீனை நோக்கி வேண்டுகின்றனர். மறுநாள் அவர்கள் வாயிலில் ஓர் ஆண்குழந்தை கிடக்கிறது. அக்குழந்தையைத் தம் மகனாக்கிக்கொள்ள அவர்கள் வழக்குமன்றம்வரை செல்ல நேர்கிறது. மகப்பேறின்மை என்னும் துயரைக் கேலிச்சித்திரம் தொடத் துணிந்த அரிய இடம் அது. பழங்காலம் என்னும் போர்வை இருந்ததால்தான் நிகழ்காலத்தின் புண்ணைத் தொட முடிந்தது எனலாம்.

ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் ஒரே காட்சி வரும். இரவில் பூனையை வெளியே விடுகிறான் பிரெட். பூனை சாளரத்தின் வழியே உள்ளே புகுந்து அவனைத் தூக்கி வெளியே வைத்துவிடுகிறது. பூட்டிய கதவைத் தட்டியவாறு மனைவியின் பெயரைக் கூவுகிறான் அவன். வாயிலில் நிற்பவன் கணவன். உள்ளே இருப்பவள் மனைவி. இக்காட்சியை நினைவில் கொண்டு பழனி மலைக்கு வருதல் தகும்.

மலைமேல் நிற்கும் கற்கள்

பழனி மலைத்தொடரில் மெய்யாகவே கல்வீடு போன்ற அமைப்புகள் உண்டு. பேத்துப்பாறை, தாண்டிக்குடி முதலிய ஊர்களின் சுற்றுப்புறங்களில் பலகைக் கற்களை நான்கு பக்கமும் நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடியாக வைத்த கற்திட்டைகள் காணப்படுகின்றன. இவற்றை ஆராய்ந்த சேசு சபைத் துறவி ஆங்கிலேட் என்பவரும் நியூட்டன் என்பவரும் எழுதிய நூலை 1928இல் இந்தியத் தொல்லியல் துறை தன் ஆய்வேட்டு வரிசையில் வெளியிட்டது. 1895இல் சண்பகனூரில் சேசு சபையினர் அமைத்த அருங்காட்சியகத்தில் இம்மலையின் செடிகொடிகள், விலங்குகள் ஆகியவற்றோடு தொல்பொருள்களும் பாதுகாக்கப்படுகின்றன. கோடைக்கானலுக்கு வருவோர் ஏரியைக் காண்கின்றனர், தூண்பாறையைக் காண்கின்றனர், இக்கற்களைக் காண்போர் சிலரே.

இவற்றைக் கற்கால மனிதனின் வீடுகள் என்று கூறுவது இருவகையில் பிழை. முதலாவது, இவை பெரும்பாலும் இரும்புக் காலத்தைச் சார்ந்தவை. இரண்டாவது, இவை வாழ்ந்தோர்க்கு எழுப்பிய வீடுகள் அல்ல, இறந்தோர்க்கு எழுப்பிய நினைவிடங்கள். ஆனால் மக்கள் இவற்றை வீடாகவே கண்டனர். தமிழகத்தின் பல பகுதிகளில் பாண்டவர் வீடு என்றும் குள்ளர் வீடு என்றும் இவற்றுக்குப் பெயர் வழங்குகிறது. மேற்கே மறையூர்ப் பகுதியில் முனியறை என்பர். கல்லைக் கண்டதும் அதற்குள் ஒரு குடும்பத்தைக் குடியேற்றிப் பார்ப்பது மனித இயல்பு. ஹன்னாவும் பார்பெராவும் செய்ததை, பெயர் தெரியாத நாட்டுப்புறக் கற்பனையாளர் பல தலைமுறைகளுக்கு முன்பே செய்துவிட்டனர். குனிந்தும் நுழைய இயலாத அறைக்கு அளவாகக் குள்ளரைப் படைத்த அக்கற்பனையில் நகைச்சுவையும் இல்லாமல் இல்லை.

மெய்யான குடும்பத்தின் அடையாளம் மலையடிவாரத்தில் கிடைத்தது. பழனிக்குத் தென்மேற்கே உள்ள பொருந்தல் என்னும் சிற்றூரில், புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா.இராஜன் 2009, 2010ஆம் ஆண்டுகளில் அகழாய்வு நடத்தினார். ஈமக்குழி ஒன்றில் நான்கு கால்களுடைய சாடி ஒன்று கிடைத்தது. அதற்குள் ஏறத்தாழ 2 கிலோ நெல் இருந்தது. கரிமப் பகுப்பாய்வு அந்நெல்லின் காலத்தைக் கி.மு. 490 என்று காட்டியது. அதே ஈமக்குழியில் கிடைத்த பிரிமணை ஒன்றில் 'வயர' எனப் படிக்கப்பெறும் தமிழ்-பிராமி எழுத்துகள் இருந்தன. அவ்வெழுத்தின் காலம் குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. மணிகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. சங்கப் புலவர் பொருந்தில் இளங்கீரனாரின் ஊர் இதுவே என்று கருதுவோரும் உளர்.

அந்நெல்லைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். இறந்தவர் பசிப்பார் என்று எண்ணி அதை வைத்த மனம் ஒன்று இருந்திருக்கிறது. அந்நெல்லை அளந்தது தாயா, மனைவியா, மகனா என்பதைச் சாடி கூறவில்லை. கேலிச்சித்திரத்தின் கல்வீட்டில் வாழ்வு முழுவதும் இருக்கிறது, சாவுக்கு அங்கே இடமில்லை. பழனி மலையின் கல்லறையில் சாவு இருக்கிறது, அதற்கு முன் நிகழ்ந்த வாழ்வு காணக் கிடைக்கவில்லை. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள வெற்றிடத்தை நிரப்ப வல்லது பாட்டு.

பேகன் மனையின் வாயிலில்

இம்மலைக்குரிய தலைவன் ஆவியர் குலத்து வையாவிக் கோப்பெரும் பேகன். மயிலுக்குப் போர்வை அளித்த வள்ளல் என்று அவனைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். அவன் மனைவியின் கண்ணீரை அறிந்தவர் அத்தனை பேர் இல்லை. புறநானூற்றின் 143 முதல் 147 வரையுள்ள ஐந்து பாடல்களும் அக்கண்ணீரைப் பற்றியவை. பாடியவர் நால்வர்: கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார். பேகன் வேறொருத்தியை விரும்பி மனைவியைப் பிரிந்திருந்தான். கண்ணகி என்னும் அவள் பெயர் பாட்டுக்குள் வரவில்லை. பாட்டின் அடிக்குறிப்பே அதனைக் காத்துத் தந்தது.

கபிலர் தாம் கண்டதைக் கூறி, அழுத அப்பெண் யார் என்று தலைவனையே வினவுகிறார். அவருக்கு விடை தெரியும். அதை அவன் வாயால் கேட்க விரும்புகிறார். பரணரின் பாடலில் அவளே பேசுகிறாள். தலைவனுக்கு உறவினளோ என்று இரவலர் கேட்க, கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, உறவு ஏதும் இல்லை என்று மறுக்கிறாள். தன்னைப் போன்ற இன்னொருத்தியை நாடி அவன் செல்வதாக ஊரார் சொல்வதை மட்டும் தெரிவிக்கிறாள். உறவை மறுக்கும் அச்சொல்லில் உறவின் வலி முழுவதும் அடங்கியிருக்கிறது. மற்றொரு பாடலில் பரணர், தம்மைப் பசி வாட்டவில்லை, சுற்றத்தைக் காக்கும் சுமையும் இல்லை, அன்றிரவே தேரேறிச் சென்று அவள் துயர் களைவதே தாம் வேண்டும் பரிசில் என்கிறார். அணிகலனும் செல்வமும் வேண்டா என்று அரிசில்கிழார் உரைக்கிறார். மழைத்துளியின் ஓசையைத் தனித்திருந்து கேட்டவளின் எண்ணெய் காணாத கூந்தலில் புதுமலர் ஏறவேண்டும் என்பது பெருங்குன்றூர்கிழாரின் வேண்டுகோள்.

பரிசிலை நம்பி வாழ்ந்தவர்கள் இப்புலவர்கள். தலைவன் சினந்தால் அடுத்த வேளை உணவு ஐயத்திற்குரியது. அந்நிலையில் ஒருவர் பின் ஒருவராக நால்வர், கொடையை விலக்கிவைத்து ஒரு பெண்ணின் பொருட்டு வாய் திறந்தனர். வாடிய மயிலுக்கு இரங்கியவன் வாடும் மனைவிக்கு இரங்கவில்லையே என்ற குத்தலும் அப்பாடல்களுக்குள் உண்டு. வள்ளன்மையைப் புகழ்ந்துகொண்டே வள்ளலின் குறையைச் சுட்டும் இத்துணிவை இன்றைய கவிதையிலும் எளிதில் காண இயலாது.

சிரிப்பு முடித்ததும் பாட்டு முடிக்காததும்

பிரெட்டின் பொய் அரைமணி நேரத்திற்குள் வெளிப்பட்டு, மன்னிப்பிலோ சிரிப்பிலோ முடிந்துவிடும். அடுத்த வாரம் அதே வீடு, அதே வில்மா. சென்ற வாரத்துக் காயத்தின் தழும்புகூட இராது. சிரிப்பின் இலக்கணம் அது. அதைக் குறையென்று கூறுவதற்கில்லை. நாள் முழுதும் உழைத்து வந்து தொலைக்காட்சிமுன் அமர்ந்தவர்க்கு அந்த ஆறுதல் வேண்டியிருந்தது.

பேகன் திரும்பி வந்தானா? ஐந்து பாடல்களுள் ஒன்றுகூட அதைக் கூறவில்லை. பிற்காலத்தார் அவன் திரும்பியதாகக் கதை முடிப்பதுண்டு, பாட்டு முடிக்கவில்லை. தேர் பூட்டப்பட்டதா, கூந்தலில் மலர் ஏறிற்றா என்பதைக் கேட்போரின் நெஞ்சுக்கே விட்டுவிட்டது. கேலிச்சித்திரத்தில் கதவைத் தட்டுபவன் கணவன். புறநானூற்றில் அவன் மனைவாயிலில் நின்றவர்கள் புலவர்கள். தட்டவேண்டியவன் வேறோர் ஊரில் இருந்தான்.

ஒரு காலத்தின் மனிதரை மதிக்கக் கற்பது அவர்தம் துயரை அறிவதிலிருந்தே தொடங்குகிறது. இம்மலையில் இன்றும் வாழும் பளியர் மக்களைக் கற்கால மனிதர் என்று அச்சிதழ்கள் எழுதியதுண்டு. கேலிச்சித்திரம் விளையாட்டாகச் செய்ததை வினையாகச் செய்யும் பிழை அது. அவர்களும் இந்நூற்றாண்டின் மக்களே. அவர்தம் மனைகளிலும் ஊடல் உண்டு, பசி உண்டு, பிள்ளைக்கு ஏங்கும் இரவுகள் உண்டு. அவற்றைக் கேட்டு எழுதும் புலவர் வரவேண்டும்.

கற்திட்டைகளின் நிலையும் கவலைக்குரியது. புதையல் தேடித் தோண்டியவராலும், பலகைக் கற்களை வேறு பணிக்குப் பெயர்த்துச் சென்றவராலும் சிதைந்தவை பல. கல் சிதைந்தால் சாட்சி சிதையும். அதைக் காக்கும் சட்டம் அரசினுடையது. அக்கல்லுக்குள் இருந்தவர் ஒருவர்க்குக் கணவராய், ஒருவர்க்குத் தாயாய் இருந்தவர் என்று ஊராருக்கு உணர்த்தும் கடமை கவிஞருடையது. அவ்வுணர்வு ஊரில் நிலைத்தால் பலகைக் கல்லின்மேல் கடப்பாரையை வைக்கும் கை ஒருகணம் தயங்கும்.

பத்தாண்டுகளாகக் கவிதையைக் கூடிப் படித்துவரும் அவைக்கு இது புதிய செய்தியன்று. அடுத்த முறை மலையேறும் கவிஞர் ஒருவர் பேத்துப்பாறைப் பக்கம் சென்று ஒரு கற்திட்டையின்முன் சிறிது நேரம் நிற்பாராயின், பொருந்தலில் நெல் அளந்த கையையும் மழையோசை கேட்டுத் தனித்திருந்த பெண்ணையும் அங்கு எண்ணிப் பார்ப்பாராயின், பரணரும் கபிலரும் தொடங்கிவைத்த பணி இன்னும் முடியவில்லை என்பது விளங்கும்.