கடல் கடந்து கற்கச் செல்வோர்க்கு
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இசையும் நாடகமும் நிறைந்த இந்த விழாவின் இடையே எனக்கும் சிறிது நேரம் ஒதுக்கிய செயற்குழுவினர்க்கு நன்றி. வெளிநாட்டுக் கல்வியைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். எந்தப் பல்கலைக்கழகம் சிறந்தது, எந்தப் பாடத்துக்கு மதிப்பு மிகுதி என்பவற்றை இங்குள்ள இளைஞர்கள் என்னைவிட நன்கு அறிவார்கள். ஆகவே, சேர்க்கைக் கடிதம் வந்து, விமானம் ஏறி, அந்த ஊரில் காலடி வைத்த பிறகு தொடங்குகின்ற வாழ்க்கையைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

நம் மூத்தோர் இந்த வடபுலத்துக்கு வந்த கதையை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். வேலை உத்தரவும் ஒரு தகரப் பெட்டியுமாக ரயில் ஏறினார்கள். இறங்கிய ஊரின் மொழியையும் அவர்கள் அறியார், குளிரையும் அறியார். எனினும், தமக்கு முன்னே வந்த ஒரு சிற்றப்பாவோ மாமாவோ அங்கே இருந்தார். அடுத்த தெருவில் ஒரு மெஸ் இருந்தது. மும்பையின் மாடுங்காவும், தில்லியின் கரோல் பாகும் இவ்வாறு ஒருவர் கையை ஒருவர் பற்றி வந்தவர்களால் தமிழ் மணம் பெற்றவை. நாம் குடும்பமாக வந்தோம், கூட்டமாக வேரூன்றினோம். இன்று கடல் கடக்கும் மாணவனோ தனியே செல்கிறான்; மாணவியோ தனியே செல்கிறாள். இருபத்திரண்டு வயதில், தன் பெயரில் ஒரு கடனையும் சுமந்துகொண்டு செல்கிற பிள்ளைக்கு அயல் மண்ணில் முதன்மையாக வேண்டுவது யாது? தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேட்கும் துணிவே என்பேன்.

நாம் நன்கறிந்த இருவரின் வாழ்வைப் பாருங்கள்.

காந்தியடிகள் 1888ஆம் ஆண்டு சட்டம் பயில லண்டன் சென்றபோது அவருக்கு வயது பதினெட்டு. புலால் உண்ணேன் என்று தாயிடம் வாக்களித்திருந்தார். வீட்டு நினைவால் இரவில் கண்ணீர் பெருகியதையும், உப்புச் சப்பற்ற உணவால் வயிறு நிறையாமல் தவித்ததையும் அவரே தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். மரக்கறி உணவகங்கள் நகரில் உண்டு என்று வீட்டுக்கார அம்மையார் சொல்ல, நாள்தோறும் பல மைல் நடந்து தேடி, முடிவில் பாரிங்டன் தெருவில் ஒன்றைக் கண்டார். அங்கே வயிறு நிறைந்தது. சைவ உணவுச் சங்கத்தாரின் நட்பும் பின்னர் வாய்த்தது. சில காலம் கழித்து ஒற்றை அறைக்கு மாறி, தாமே அடுப்பு மூட்டிச் செலவைக் குறைத்தார். 1891இல் பாரிஸ்டராகத் தாயகம் திரும்பினார்.

மற்றொருவர் கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை இராமானுஜன். 1914 மார்ச்சு மாதம் சென்னையில் கப்பல் ஏறிக் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியை அடைந்தார். உலகம் வியக்கும் கணிதத்தை அங்கே படைத்தார். ஆனால், அவர் உறங்கிய முறையைக் கேளுங்கள். அக்காலத்தில் அங்கே பயின்ற மகலனோபிஸ் என்னும் வங்க இளைஞர் ஒரு நாள் அவரைக் காணச் சென்றார். இவரே பின்னாளில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர். இரவில் குளிர் தாங்கவில்லை என்றும், மேல்கோட்டு அணிந்து சால்வை போர்த்திப் படுப்பதாகவும் இராமானுஜன் சொன்னார். மகலனோபிஸ் படுக்கையைப் பார்த்தார். கம்பளங்கள் அங்கேயே இருந்தன! மேல்விரிப்புக்கு அடியில், மெத்தையோடு சேர்த்து இறுகச் செருகப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்கவேண்டும் என்பதை அவருக்கு எவரும் சொல்லவில்லை. அவரும் எவரையும் கேட்கவில்லை.

எண்களின் மறைபொருளையெல்லாம் கண்டவருக்குக் கம்பளத்தின் இருப்பிடம் தெரியாமற்போனது இழுக்கா? இல்லை. அது ஊர் வழக்கம், சொன்னாலன்றித் தெரியாது. குளிரைப் போக்கும் பொருள் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. எடுத்துக் காட்டும் ஒரு நண்பன் வரும்வரையில் அஃது இல்லாததற்கு ஒப்பாகவே இருந்தது.

இன்று நம் பிள்ளைகள் பெருந்தொகையாகச் செல்லும் நாடுகளுள் ஒன்று ஜெர்மனி. 2023-24 குளிர்காலப் பருவத்தில் அங்கே பயின்ற இந்திய மாணவர் ஏறத்தாழ 49,000 பேர். அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கல்விக் கட்டணம் இல்லை என்பதே பெரிய ஈர்ப்பு. ஆனால் எல்லா இடத்திலும் அப்படியன்று. பாடன்-வூர்ட்டெம்பர்க் மாநிலம் 2017 முதல் நம் போன்ற நாட்டவரிடம் ஒரு பருவத்துக்கு 1,500 யூரோ பெறுகிறது. கட்டணம் இல்லாத இடத்திலும் வாழ்க்கைச் செலவு உண்டு. ஓராண்டுச் செலவுக்கான தொகையை முன்கூட்டியே ஒரு தனிக் கணக்கில் கட்டவேண்டும். 2024 செப்டம்பரில் இத்தொகை 11,904 யூரோவாக உயர்த்தப்பட்டது. மொத்தத்தையும் ஒரே நாளில் எடுக்க இயலாது. மாதம் 992 யூரோ மட்டுமே கைக்கு வரும்.

போய் இறங்கியதும் முதற் போராட்டம் வீடு. மாணவர் விடுதிகளில் இடத்துக்குக் காத்திருப்போர் பட்டியல் நீளமானது. ஆகவே சேர்க்கை உறுதியான அன்றே விண்ணப்பித்துவிட வேண்டும். இங்கிருந்தபடியே, வீட்டையும் காணாமல் உடையவரையும் காணாமல் முன்பணம் அனுப்பி ஏமாறுவோர் பலர். வாடகை முன்பணம், மின்சாரம் முதலிய பிற செலவுகள் நீங்கலான வாடகையில் மூன்று மாதத் தொகைக்கு மேற்படக் கூடாது என்பது அந்நாட்டுச் சட்டம். குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்யவேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையொப்பமிட்ட சான்று தேவை. பெரிய நகரங்களில் பதிவுக்கு நாள் குறிப்பதே கடினம். வரி எண்ணும் தங்கும் அனுமதியும் இந்தப் பதிவைத் தொடர்ந்தே வரும்.

இன்னும் ஒரு சிறிய செய்தி. தபால் பெட்டியில் தன் பெயரை ஒட்ட மறக்கலாகாது. அந்நாட்டு அரசு அலுவலகமும், மருத்துவக் காப்பீட்டு நிறுவனமும், வங்கியும் இன்றும் கடிதத்தையே பெரிதும் நம்புகின்றன. பெட்டியில் பெயர் இல்லையேல் கடிதம் திரும்பிப் போகும். அதனோடு கெடு நாளும் போகும்.

ஊர் வழக்கங்கள் சிலவற்றையும் சொல்லவேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் பெரும்பாலும் அடைபட்டிருக்கும். சனிக்கிழமையே அரிசியும் பாலும் வாங்கிவைக்க வேண்டும். இரவு பத்து மணிக்கு மேல் அமைதி காக்கவேண்டும். பதினொரு மணிக்குச் சட்னி அரைக்க மிக்ஸியைச் சுழற்றினால் பக்கத்து வீட்டார் கதவைத் தட்டுவர். அதனைப் பகையென்று கொள்ளவேண்டா. நேரே வந்து சொல்வது அவர்கள் இயல்பு. நம்மவர் நேரே கேட்டால் அவர்கள் நேரே உதவுவதும் அவ்வியல்பின் மறுபக்கமே.

தாய்மார்களே, தந்தையர்களே! இனி நான் சொல்லப்போவது சிறப்பாக உங்களுக்கு.

அங்கே மதிப்பெண் முறை தலைகீழானது. 1.0 என்பது முதன்மை, 4.0 வரை தேர்ச்சி; 5.0 தோல்வி. வகுப்புக்கு வருமாறு வற்புறுத்துவோர் அரியர். பருவ முடிவில் வரும் ஒரே தேர்வு பெரும்பாலும் முழு மதிப்பையும் முடிவு செய்யும். கட்டாயப் பாடம் ஒன்றில் மூன்று முறை தவறினால், பல பல்கலைக்கழகங்களில் அந்தப் படிப்பையே இழக்க நேரும். இங்கே வகுப்பில் முதல்வனாக இருந்தவன் அங்கே முதற் பருவத்தில் தடுமாறுவது அரிதன்று. பகுதி நேர வேலைக்கு ஆண்டில் 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் அனுமதி உண்டு. கடனை எண்ணி, இரவெல்லாம் கிடங்கில் பெட்டி அடுக்கிவிட்டுக் காலையில் வகுப்பில் கண்ணயர்கின்ற பிள்ளையை எண்ணிப் பாருங்கள். டிசம்பரில் பெர்லினில் எட்டு மணிக்கு மேல் விடிந்து, நான்கு மணிக்கெல்லாம் பொழுது சாயும். அந்த இருளில், அவன் தேர்வில் தவறியிருக்கிறான் என்று வையுங்கள்.

அந்நேரம் நம் தொலைபேசி மணி ஒலிக்கிறது. நாம் கேட்பது என்ன? "எத்தனை மார்க்கு? பணம் போதுமா? அடுத்த வீட்டுப் பையனுக்கு வேலை கிடைத்துவிட்டதாமே!" அவன், "எல்லாம் நன்றாக இருக்கிறது, அம்மா" என்று சொல்லித் தொடர்பைத் துண்டிக்கிறான். அந்த ஒரு சொல்லே எனக்கு அச்சம் தருகிறது. பிள்ளை வாய் திறவாததற்குக் காரணம் செருக்கன்று. நம் நெஞ்சு வருந்துமே என்ற அன்பும், நம் சேமிப்பு வீணாயிற்றே என்ற நாணமுமே. குளிரில் நடுங்கிக்கொண்டு, கம்பளத்தின் மேலேயே படுத்திருக்கும் நிலை இது.

ஆகவே கேள்வியை மாற்றுவோம். "இன்று யாரோடு சாப்பிட்டாய்? உடம்பு சரியில்லை என்றால் யாரை அழைப்பாய்? உன் ஆசிரியரிடம் சென்று பேசினாயா?" என்று கேட்போம். குளிர்காலத்தில் அவர்கள் கடிகாரம் நமக்கு நாலரை மணி பின்தங்கியது. நம் இரவு ஒன்பதரை அவர்களுக்கு மாலை ஐந்து மணி. அந்த இருள் சூழும் வேளையே பேசுவதற்கு நல்ல வேளை. தோல்வியைச் சொன்னாலும் இந்த வீட்டுக் கதவு அடைபடாது என்பதைப் புறப்படும் முன்பே வாய்விட்டுச் சொல்லி அனுப்புவோம். சொல்லாமலே பிள்ளை அறியும் என்று இருந்துவிட வேண்டா.

மாணவ மணிகளே! நீங்கள் வீட்டில் தமிழும், தெருவில் இந்தியும், பள்ளியில் ஆங்கிலமும் பேசி வளர்ந்தவர்கள். நான்காவது மொழி உங்களை அச்சுறுத்தலாகாது. புறப்படுமுன் ஆறு மாதமாவது ஜெர்மன் பயிலுங்கள். மகனாயினும் மகளாயினும் சோறும் குழம்பும் ஆக்கக் கற்றுக்கொள்ளுங்கள். தமிழ் நண்பர்களின் அறை ஆறுதல் தரும். ஆயினும் அதற்குள்ளேயே நான்கு பருவமும் கழிந்தால் அந்நாட்டைக் காணாமலே திரும்புவீர்கள். ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் அயல்நாட்டு மாணவர்க்கென ஓர் அலுவலகம் உண்டு. மாணவர் நல அமைப்புகள் உணவுச்சாலையும் விடுதியும் நடத்துவதோடு மனநல ஆலோசனையும் பெரும்பாலும் இலவசமாகவே அளிக்கின்றன. ஆபத்துக்கு 112, இரவில் மருத்துவரை நாட 116117. இவற்றை விமானம் ஏறுமுன் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உதவி நாடுவது பிச்சையன்று. அந்த ஏற்பாடுகள் உங்களுக்காகவே அமைந்தவை.

இறுதியாக, நம் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் ஆனி, ஆடித் திங்களில், புறப்படும் பிள்ளைகளையும், சென்று திரும்பியவர்களையும் ஒரு மாலை இம்மன்றத்தில் ஒன்றுசேர்ப்போம். வீட்டு ஒப்பந்தத்தை எப்படிப் படிப்பது, முதற் பருவத்தில் எத்தனை பாடம் எடுப்பது என்பதைச் சென்றவர் வாயாலேயே அவர்கள் கேட்கட்டும். எந்த ஊருக்குச் செல்கிறார்களோ, அந்த ஊரில் உள்ள நம்மவர் ஒருவரின் தொலைபேசி எண்ணைப் பெற்றுக்கொண்டு செல்லட்டும். அன்று நம் மூத்தோர்க்கு ரயில் நிலையத்தில் ஒரு மாமா காத்திருந்தார். நம் பிள்ளைகளுக்கும் அத்தகைய ஒருவரைத் தேடித் தருவது இச்சங்கத்தால் இயலாத செயலன்று. இவ்வாண்டே அதனைத் தொடங்க வேண்டுகிறேன்.