மறைந்து கிடக்கும் பழுதும் வீட்டுக்காரர் உரிமையும்



வீடு கட்டுவிப்போர் சுவரின் நேர்மையைக் காண்பர். பூச்சின் அழகையும் காண்பர். பூச்சுக்குள் மறைந்த மரத்தையும் மண்ணுக்குள் புதைந்த அத்திவாரத்தையும் அவர்களாற் காண முடியாது. அவற்றுக்காகக் கட்டுநரின் சொல்லையும் பரிசோதகரின் கையொப்பத்தையும் நம்பியே பணம் கொடுக்கின்றனர். அந்நம்பிக்கை பொய்த்தால் இழப்பை ஏற்பவர் யார்? இவ்வினாவுக்கு விடை தேடி நியூசீலாந்து மக்கள் பல ஆண்டுகள் உழன்றனர். அவர்தம் வரலாறு நமக்கும் பயன் தருவது.

அந்நாட்டின் தென்கோடியிலுள்ள இன்வர்காகில் நகரில் 1972ஆம் ஆண்டில் ஒரு வீடு கட்டப்பட்டது. நகரசபைப் பரிசோதகர் அத்திவாரத்தை ஏற்றுக்கொண்டார். சில ஆண்டுகளிற் சிறு வெடிப்புகள் தோன்றின. அவை பெரிதாக எண்ணப்படவில்லை. 1989இற் கதவு சரிவர மூடாதபோதுதான் அத்திவாரமே பழுதானது என்ற உண்மை வெளிப்பட்டது. உரிமையாளர் நகரசபைமீது வழக்குத் தொடர்ந்தார். 1971 வரை இலங்கையின் மேன்முறையீடுகளையும் விசாரித்து வந்த இலண்டன் பிரிவிக் கவுன்சில் 1996இல் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. பழுதை ஓர் உரிமையாளர் நியாயமாக அறியக்கூடிய நாளிலிருந்தே வழக்குக்குரிய காலம் தொடங்கும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

ஆயினும் 1991ஆம் ஆண்டின் கட்டடச் சட்டம் வேறோர் எல்லையை விதித்திருந்தது. வேலை நிகழ்ந்து பத்து ஆண்டுகள் கடந்தபின், பழுது அப்போதுதான் தெரியவந்தாலும், வழக்கிட இயலாது. இவ்வெல்லை எவ்வளவு கொடியதாகலாம் என்பதைப் பின்வந்த ஆண்டுகள் காட்டின. தொண்ணூறுகளில் இறவாரமற்ற கூரையும், இடைவெளியின்றிப் பூசப்பட்ட வெளிச்சுவரும், மருந்தூட்டாத பைன் மரச் சட்டமும் கொண்ட வீடுகள் பெருகின. யன்னலோரத்து வெடிப்பிற் புகுந்த மழைநீர் வெளியேற வழியின்றித் தங்கியது. மரம் உள்ளேயே உக்கியது. வெளியே வண்ணம் மங்காதிருக்க, உள்ளே வீடு அழிந்துகொண்டிருந்தது. 2009ஆம் ஆண்டின் ஒரு மதிப்பீடு, ஏறத்தாழ 42,000 வீடுகள் பாதிக்கப்பட்டன என்றும் அவற்றின் செலவு 1,130 கோடி நியூசீலாந்து டொலர் என்றும் கூறியது.

நீதிமன்ற வழக்கு நீண்டது, செலவும் மிகுந்தது. எனவே 2002ஆம் ஆண்டிலே தனிச்சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. முதலில் ஒரு மதிப்பீட்டாளர் வீட்டைச் சோதித்து அறிக்கை தருவார். பின்னர் மத்தியஸ்தர் முன் இருதிறத்தாரும் இணக்கம் காண முயல்வர். இணக்கம் ஏற்படாவிடில் விசாரணை மூலம் தீர்ப்பு வழங்கப்படும். இதற்கென 2006ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு நியாயசபையை அமைத்தது.

வழி எளிதாயினும் இடர் நீங்கவில்லை. தவறிழைத்த ஒவ்வொருவரும் முழு இழப்புக்கும் பொறுப்பாவர் என்பது அந்நாட்டு நெறியாயிருந்தது. கட்டிய கம்பனிகள் பல கலைக்கப்பட்டுவிட்டமையால், எஞ்சிநின்ற நகரசபைகளின் தலையிற் பாரம் விழுந்தது. அதாவது வரியிறுக்கும் அயலவரே அதனைச் சுமந்தனர். 2011இல் ஓர் உதவித் திட்டம் வந்தது. வேலைக்கு ஒப்புதல் அளித்திருந்த நகரசபை திருத்தச் செலவிற் காற்பங்கும், அரசாங்கம் காற்பங்கும் ஏற்றன. குற்றமேதும் செய்யாத உரிமையாளர் மீதிப் பாதியை ஏற்றதுடன், அவ்விருவர்மீதும் வழக்கிடும் உரிமையையும் கைவிட வேண்டியிருந்தது. இது நீதியா, சமரசமா என்பதை நேயர்களே சிந்திக்கலாம்.

இவ்வளவு துன்பத்தின் பின்பே வருமுன் காக்கும் விதிகள் பிறந்தன. 2015 சனவரி முதலாகப் பெரிய வீட்டு வேலைகளுக்கு எழுத்து மூல ஒப்பந்தம் கட்டாயமாயிற்று. வேலை முடிந்து பன்னிரண்டு மாதங்களுக்குள் அறிவிக்கப்படும் பழுதைக் கட்டுநர் திருத்த வேண்டும். தம்மேற் குற்றமில்லையெனில் அதனை அவரே நிரூபிக்க வேண்டும்.

சட்டங்கள் நாட்டுக்கு நாடு வேறுபடும். எனினும், ஒப்பந்தத்தை எழுத்திற் பெறுதல், பூச்சு மூடுமுன் வேலையைப் பார்வையிடுவித்தல், வெடிப்புக் கண்டவுடன் தேதியுடன் எழுதி அறிவித்தல், வழக்குக்கு முன் இணக்கத்தை நாடுதல் ஆகிய நான்கும் எங்கும் பயன் தருவன. பழுது காத்திருக்கும், காலவரையறை காத்திராது.