நாற்பது விழுக்காடும் பத்து வெள்ளியும்



குடும்பப் பூசலின் நடுவே ஒரு மூதாட்டியின் அன்பு எதன் வலிமையில் நிற்கிறது? இவ்வினாவிற்கு விடைகாண, சன் தொலைக்காட்சியில் 2022 முதல் 2024 வரை ஒளிபரப்பான ‘எதிர்நீச்சல்’ நெடுந்தொடரை எடுத்துக்கொள்கிறேன். அதனை இயக்கியவர் திருச்செல்வம்.

மதுரையில் ஆதி குணசேகரன் ஆட்டிப்படைக்கும் வீடு அது. படித்த மருமகள்கள் அடுக்களைக்குள் முடக்கப்பட்டுள்ளனர். அவர்களுக்காக எழும் மூத்த குரல், அப்பத்தா என்றழைக்கப்படும் பட்டம்மாளுடையது. பெண்களே நடிக்கும் நாடகக் குழுவை நடத்திய பாம்பே ஞானம் அப்பாத்திரத்தை ஏற்றார். கண்ணீரைத் துடைப்பதோடு அப்பத்தாவின் அன்பு நின்றுவிடுவதில்லை. சொந்தக் காலில் நில்லுங்கள் என்று அப்பெண்களை உந்துகிறது.

அவர் சொல்லுக்கு அவ்வீடு ஏன் செவிசாய்க்கிறது? குடும்பச் சொத்தில் 40 விழுக்காடு அவர் பெயரில் உள்ளது. அதனைப் பெறும் வரையில் குணசேகரன் அவரைப் பொறுத்துப்போக வேண்டியிருக்கிறது. முதுமையால் மட்டும் கிடைக்காத மதிப்பைப் பத்திரம் பெற்றுத் தருகிறது. கசப்பாயினும் உண்மை அதுவே.

இனி, நம் பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டங்களுக்கு வருவோம். அங்கு வாழ்ந்த பாட்டிக்கு எது சொந்தம்? லயத்து வீடு தோட்ட நிருவாகத்தினுடையது. வேலை போனால் வீடும் போகும். விடியுமுன் மகனும் மருமகளும் பால்மரம் சீவச் சென்றபின் பிள்ளைகளைக் காத்தவர் அவர். கள்ளுக்கடையிலிருந்து திரும்பிய மகன் கையை ஓங்கினால் குறுக்கே நின்றவரும் அவரே. அக்குரலுக்கு அடங்கிய மகன்களும் உண்டு, அடங்காதவர்களும் உண்டு. அடங்காதபோது, மருமகளை அழைத்துக்கொண்டு செல்ல அவருக்கு வேறு கூரை இல்லை.

தோட்டத் துண்டாடல் பாட்டாளிகளை அலைக்கழித்த காலத்தில், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்திப் பாட்டாளிகள் அதன் பங்குதாரர் ஆயினர். மரம் சீவிய ஒரு பெண்மணி தம் பெயரிலேயே அப்பங்கை வைத்திருந்தால், தொகையில் அது சிறிது. ஆயினும், “அம்மாவைக் கேட்டுச் செய்வோம்” என்று வீட்டாரை எண்ண வைக்கும் அளவில் அது பெரிது.

ஆசிரியப் பெருமக்களே, பாட்டியின் அன்பைத் தியாகம் என்று புகழ்ந்து கட்டுரை எழுதச் செய்தல் எளிது. அப்புகழ்ச்சியில் அவருடைய கையறுநிலை மறைந்துவிடுகிறது. ஆதலால், மாணவர்கள் தத்தம் பாட்டியிடம் இரண்டு வினாக்களைக் கேட்கட்டும்: வீட்டுச் சண்டையில் நீங்கள் யாருக்காக நின்றீர்கள்? அப்போது உங்கள் பெயரில் என்ன இருந்தது? விடைகளை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதி வைக்கட்டும். தோட்டத்தில் வாழ்ந்த தலைமுறை நம்மிடையே குறைந்து வருகிறது. லயத்து வீட்டு அப்பத்தாவை நாடகமாக்கப்போகும் எழுத்தாளருக்கு அந்த ஏடுகளே முதற்பொருள் ஆகும்.